கணக்கு டீச்சர் ஆக மூணு பிளஸ் ரெண்டா, நாலு வருஷ பி.எஸ்.சி. பி.எட்.டா? எங்க வீட்ல ரெண்டும் படிச்சாச்சு, அந்த ரிவ்யூ

பிளஸ் டூ ரிசல்ட் வந்தா போதும், தெரிஞ்சவங்க யாராவது பொண்ணையோ பையனையோ கூட்டிட்டு வந்துருவாங்க, "இவளுக்கு மேக்ஸ் டீச்சர் ஆகணுமாம், எதுல சேக்கலாம், ஸ்காலர்ஷிப் எதாவது கிடைக்குமா"ன்னு. ஒவ்வொரு தடவையும் ஒரு மணி நேரம் உக்காந்து சொல்றேன், பாதி விட்டுப் போயிடுது, அதான் இந்த தடவை எழுதியே வச்சிடலாம்னு. நான் 2014ல பி.எஸ்.சி. கணிதம் சேர்ந்து 2017ல முடிச்சு அப்புறம் ரெண்டு வருஷம் பி.எட். படிச்சவ, அதாவது மொத்தம் அஞ்சு வருஷம். என் தங்கச்சி நான் முடிச்ச அதே 2019ல நாலு வருஷ பி.எஸ்.சி. பி.எட்.ல சேர்ந்து 2023ல வெளிய வந்தா. ரெண்டு பேருமே இப்ப கணக்குதான் எடுக்குறோம். எங்க காலேஜ் பேரு எதுவும் சொல்லப் போறதில்ல, ஏன்னா நான் சொல்ற குறை பல இடத்துல இருக்குற குறை.

முதல்லயே என் தீர்ப்பைச் சொல்லிடறேன். கிளாஸ்ல நின்னு பாடம் எடுக்கப் பழக்குறதுல நாலு வருஷ கோர்ஸ் என் பி.எட்.டை விட ரொம்ப ரொம்ப மேல. கணக்கை ஆழமா படிக்கிறதுல என் மூணு வருஷ மேக்ஸ் மேஜர் மேல. இந்த ரெண்டுல எது குறையுதோ அதை நீங்களே தேடிப் போய் நிரப்பிக்கணும். எந்த காலேஜும் ரெண்டையும் முழுசா கையில கொடுத்து அனுப்பாது.

என் பி.எட். கதையில இருந்து வரேன். 2014ல என்.சி.டி.இ., அதாவது ஆசிரியர் படிப்புக்கான தேசிய கவுன்சில், கொண்டு வந்த விதிமுறைப்படி 2015ல இருந்து பி.எட். ஒரு வருஷத்துல இருந்து ரெண்டு வருஷம் ஆச்சு. அப்ப எங்க ஏரியால எல்லாருக்கும் கோவம், எதுக்கு ஒரு வருஷம் எக்ஸ்ட்ரா ஃபீஸ் கட்டணும்னு. ஆனா காரணம் நியாயமானதுதான், மொத்தம் 20 வாரம் ஸ்கூல்ல இருக்கணும், முதல் வருஷம் 4 வாரம், ரெண்டாவது வருஷம் 16 வாரம். பேப்பர்ல பாத்தா அருமையா இருக்கும். நான் சேர்ந்தது ஒரு தனியார் காலேஜ். அட்மிஷன் அன்னைக்கே ஆபீஸ்ல "ரெகுலரா வரீங்களா, இல்ல அட்ஜஸ்ட் பண்ணிக்கவா"ன்னு கேட்டாங்க. அட்ஜஸ்ட்னா கூடுதலா ஒரு தொகை கட்டிட்டு வராமலே இருக்கலாம்னு அர்த்தம். நான் ரெகுலர்னு சொல்லிட்டு தினமும் போனேன். எங்க பேட்ச்ல கணக்குப் பிரிவுல அப்படி தினமும் வந்தது எட்டோ ஒம்போதோ பேருதான், ரிஜிஸ்டர்ல மட்டும் எல்லாரும் இருந்தாங்க. டீச்சர் ஆகப் போறவங்களுக்கு அட்டெண்டன்ஸ் பொய்யா போடுறது எனக்கு இன்னிக்கு வரைக்கும் மனசுல உறுத்துது.

மைக்ரோ டீச்சிங்னு ஒண்ணு இருக்கும், அஞ்சாறு நிமிஷம் ஒரே ஒரு திறமையை மட்டும் எடுத்துப் பழகணும், கூடப் படிக்கிறவங்களே ஸ்டூடண்ட்ஸ் மாதிரி உக்காந்திருப்பாங்க. பாடத்தை எப்படி ஆரம்பிக்கிறது, எப்படி கேள்வி கேக்குறது, போர்டை எப்படிப் பயன்படுத்துறதுன்னு தனித்தனியா. எடுத்து முடிச்சதும் குறை சொல்லுவாங்க, திருத்திட்டு மறுபடி எடுக்கணும். 1963 வாக்குல அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்டுல உருவாக்குன முறை, யோசனை நல்ல யோசனை. பிரச்சன என்னன்னா உக்காந்திருக்குற எல்லாருக்கும் அந்தக் கணக்கு ஏற்கனவே தெரியும். "ஏன்"னு கேக்க அங்க ஆளே இல்ல. புரியாத குழந்தை முகம் எப்படி இருக்கும்னு அந்த ரூம்ல பாக்கவே முடியாது.

அதுக்குத்தான் டீச்சிங் பிராக்டிஸ், நிஜ ஸ்கூலுக்குப் போய் நிஜப் பசங்களுக்குப் பாடம் எடுக்குறது. எனக்குக் கிடைச்ச ஸ்கூல்ல என்ன ஆச்சுன்னா, யார் லீவு போட்டாலும் அந்த பீரியட் எனக்கு. சமூக அறிவியல் கூட எடுத்தேன். கைடு டீச்சர் நல்ல மனுஷி, ஆனா அவங்களுக்கே அன்னைக்கு ஏழு பீரியட் இருக்கும், நான் வந்தா அவங்களுக்குக் கொஞ்சம் மூச்சு விட நேரம், அதனால என் கிளாஸ்ல வந்து உக்காந்தது மொத்தமா ரெண்டு மூணு தடவை இருக்கும். காலேஜ்ல இருந்து அப்சர்வேஷனுக்கு வந்தவங்க ரெக்கார்டு நோட்டுக்கு பிரவுன் ஷீட் போட்டிருக்கா, மார்ஜின் இருக்கா, லெசன் பிளான்ல தேதி சரியா இருக்கான்னு பாத்துட்டு கையெழுத்து போட்டுட்டுப் போனாங்க. லெசன் பிளான் எழுதிக் கொடுக்க வெளிய ஆளே இருந்தாங்க, நோட்டுக்கு இவ்வளவுன்னு ரேட். நான் போர்டைப் பாத்தே பேசுறேன், பின் பெஞ்சுக்குக் கேக்கலன்னு எனக்கு யாரும் சொல்லல. வேலையில சேர்ந்து ஆறு மாசம் கழிச்சு ஏழாங்கிளாஸ் பையன் ஒருத்தன்தான் சொன்னான், "மிஸ், திரும்பி நின்னு சொல்லுங்க மிஸ், கேக்கல"ன்னு.

அதே கிளாஸ்ல தான் மைனஸும் மைனஸும் பெருக்கினா ஏன் பிளஸ்னு ஒரு பொண்ணு கேட்டா. மூணு வருஷம் கணக்கு மேஜர், ரிங், ஃபீல்டுன்னு எல்லாம் படிச்சிருக்கேன், அதுல இதை நிரூபிக்க நாலு வரி போதும், எழுதச் சொன்னா எழுதிருவேன். ஆனா பன்னெண்டு வயசுப் பொண்ணுக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியாம "அது ரூல்மா, அப்படியே ஞாபகம் வச்சுக்கோ"ன்னு சொல்லிட்டேன். அந்தப் பொண்ணு தலையாட்டிட்டு உக்காந்துடுச்சு, அந்த வருஷம் முழுக்க அப்புறம் எதுவுமே கேக்கல. அஞ்சு வருஷப் படிப்புல எது விட்டுப் போச்சுன்னு எனக்கு அந்த நாள் தெரிஞ்சது.

இப்ப தங்கச்சி பக்கம். அவ படிச்சது வெளி மாநிலத்துல, மத்திய அரசு நிதியில நடக்குற இடம். நடுவுல கொரோனா வந்து ஒரு வருஷத்துக்கு மேல வீட்லயே ஆன்லைன்ல ஓடுச்சு, அது யார் தப்பும் இல்ல. ஆனா ஸ்கூலுக்குப் போன மாசங்கள்ல நடந்தது வேற மாதிரி. அவ மென்ட்டர் பின்னாடி ஒரு பெஞ்சுல உக்காந்து நோட்டுல எழுதிட்டே இருப்பாங்களாம், இவ என்ன சொன்னான்னு இல்ல, பசங்க என்ன சொன்னாங்கன்னு. கிளாஸ் முடிஞ்சதும் அந்த நோட்டை வச்சுத்தான் பேச்சு. "மூணாவது வரிசைப் பையன் அரையையும் மூணுல ஒண்ணையும் கூட்டுனா அஞ்சுல ரெண்டுன்னு சொன்னான், நீ தப்புன்னு சொல்லிட்டு அடுத்தவனைக் கேட்டுட்ட, அவன் எப்படி யோசிச்சு அங்க வந்தான்னு நீ கேக்கவே இல்லையே"ன்னு. மேல மேல கூட்டி, கீழ கீழ கூட்டியிருக்கான், அவ்வளவுதான். அவனுக்கு பின்னம்ங்கிறது ஒரே ஒரு எண் இல்ல, மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு ரெண்டு எண். அதைப் பிடிச்சாத்தான் திருத்த முடியும். அஞ்சுல ரெண்டு அரையை விடக் கம்மி, அரையோட இன்னொண்ணைக் கூட்டுனா எப்படி அரையை விடக் குறையும்னு அவன்கிட்டயே கேட்டா அவனே முழிச்சுப் பாப்பான்.

அந்த நேரத்துல ஒரு நாள் ராத்திரி போன் பண்ணா.

"அக்கா, அரையை காலால வகுத்தா ஏன் ரெண்டு? எப்படி சொல்லுவ?"

"தலைகீழா மாத்திப் பெருக்கணும்டி, அரை பெருக்கல் நாலு, ரெண்டு."

"அது எப்படி போடுறதுன்னு சொல்ற. ஏன்னு கேட்டேன்."

கொஞ்ச நேரம் நான் பேசல. அப்புறம் அவளே சொன்னா, அரை லிட்டர் பால் இருக்கு, கால் லிட்டர் டம்ளர்ல ஊத்தினா எத்தன டம்ளர் வரும்னு கேளு, குழந்தை ரெண்டுன்னு சொல்லிரும், வகுத்தல்னா எத்தன தடவை அடங்கும்னு கேக்குறதுன்னு அதுக்கு ஏற்கனவே தெரியும், நம்மதான் பின்னம் வந்ததும் அதை மறக்க வச்சுடறோம்னு. மைனஸ் மைனஸுக்கும் அவதான் வழி சொன்னா. 3ஐ மைனஸ் 2ஆல பெருக்கு, அப்புறம் 2ஐ, 1ஐ, 0வை. விடை மைனஸ் 6, மைனஸ் 4, மைனஸ் 2, 0ன்னு ரெண்டு ரெண்டா ஏறுது, அடுத்து மைனஸ் 1ஐப் பெருக்கினா என்ன வரணும்னு பசங்களையே கேளு, பிளஸ் 2ன்னு அவங்களே சொல்லுவாங்க. அடுத்த வருஷ பேட்ச்சுக்கு அப்படித்தான் எடுத்தேன். சொன்னாங்க. கேள்வி கேட்ட அந்தப் பழைய பொண்ணை எட்டாங்கிளாஸ்ல இருந்து கூப்பிட்டு தனியா உக்கார வச்சு அவளுக்கும் சொன்னேன்.

இந்த அறிவுக்கு ஒரு பேரே இருக்கு, பெடகாஜிக்கல் கன்டென்ட் நாலெட்ஜ்னு. பாடம் தெரியிறது வேற, கற்பிக்கத் தெரியிறது வேற, இந்தப் பாடத்தை இந்தக் குழந்தைக்கு எப்படிச் சொல்லணும், எங்க தடுக்கி விழும்னு தெரியிறது மூணாவதா ஒரு தனி அறிவுன்னு லீ ஷுல்மன்னு ஒரு கல்வியாளர் 1986லயே எழுதினார். என் பி.எட்.லயும் அந்தப் பேரு வந்தது, ரெண்டு மார்க் கேள்வியா. தங்கச்சிக்கு அது நாலு வருஷம் தினப்படி வேலையா வந்தது. கோர்ஸை எடை போடணும்னா நான் இதை வச்சுத்தான் போடுவேன், கட்டடத்தை வச்சு இல்ல.

நாலு வருஷத்துல குறை இல்லையான்னா இருக்கு. அவ படிச்சது கணக்கு மட்டும் இல்ல, இயற்பியல், வேதியியல், கணக்கு மூணும் சமமா, அதோட கல்விப் பாடங்கள். கணக்குக்குக் கிடைக்கிற நேரம் எங்க மேஜர்ல கிடைச்சதுல பாதி கூட இருக்காது. ரியல் அனாலிசிஸ் ஓரளவுக்கு, அல்ஜீப்ரா ஓரளவுக்கு. ஒரு தடவை அவ கிளாஸ்ல ஒரு பையன் 0.999ன்னு முடிவில்லாம போனா அது 1தானா, இல்ல 1க்குக் கொஞ்சம் கம்மியான்னு கேட்டிருக்கான். இவளுக்கு விடை தெரியும், x போட்டு பத்தால பெருக்கி கழிச்சுக் காட்டிட்டா. அவன் விடல, "முடிவே இல்லாத ஒண்ணை எப்படி டீச்சர் கழிப்பீங்க"ன்னு கேட்டுட்டான். அருமையான பையன். அந்த இடத்துல எல்லை, அதாவது லிமிட்ங்கிற கருத்து கையில இருக்கணும், தொடரோட கூட்டல்னா உண்மையில என்ன அர்த்தம்னு ஒரு காலத்துல உக்காந்து கஷ்டப்பட்டிருக்கணும். அன்னைக்கு அவ எனக்கு போன் பண்ணா, நான் ஒரு மணி நேரம் பேசினேன். ஒருத்தருக்கு இருந்தது இன்னொருத்தருக்கு இல்ல, அவ்வளவுதான்.

எனக்கு அந்த ஆழம் காலேஜ் கிளாஸ்ல மட்டும் வந்துடல. பி.எஸ்.சி. ரெண்டாவது வருஷ லீவுல எம்.டி.டி.எஸ்.னு ஒரு நாலு வார முகாமுக்குப் போனேன். கணிதப் பயிற்சி, திறன் தேடல்னு பேரு, பேராசிரியர் குமரேசன் 1993ல ஆரம்பிச்சது, தேசிய உயர் கணித வாரியம் நிதி கொடுத்து நடந்தது. தங்குறது சாப்பாடு இலவசம், ரயில் டிக்கெட்டுக்கும் காசு தந்தாங்க. அங்க யாரும் நோட்ஸ் டிக்டேட் பண்ண மாட்டாங்க, கேள்வி கேட்டுட்டே இருப்பாங்க, நீங்க சொல்ற ஒவ்வொரு வரிக்கும் ஏன், ஏன்னு. முதல் வாரம் அழுகையா வந்தது, நாலாவது வாரம் வீட்டுக்குப் போக மனசு வரல. இதை டீச்சர் ஸ்காலர்ஷிப்னு யாரும் லிஸ்ட்ல போட மாட்டாங்க, ஆனா கணக்கு டீச்சர் ஆகப் போறவங்களுக்கு இதை விட நல்ல உதவித்தொகை எனக்குத் தெரியாது. நாலு வருஷ கோர்ஸ் படிக்கிறவங்க கண்டிப்பா முயற்சி பண்ணுங்க, உங்களுக்குத்தான் இது அதிகம் தேவை.

எங்கெங்க இருக்குன்னு கேப்பீங்க. என்.சி.இ.ஆர்.டி.யோட மண்டலக் கல்வி நிறுவனம் மைசூர்ல இருக்கு, 1963ல ஆரம்பிச்சது, தென் மாநிலங்களுக்கு அதுதான், நாலு வருஷ படிப்பை இந்தியாவுல ரொம்ப முன்னாடியே நடத்துனது இந்த மண்டல நிறுவனங்கள்தான், வளாகத்துலயே ஸ்கூலும் இருக்கு. நம்ம ஊர்ல திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம், திருச்சி என்.ஐ.டி. ரெண்டுலயும் பி.எஸ்.சி. பி.எட். வந்திருக்கு. பெங்களூர்ல அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்துல கணிதத்துலயே பி.எஸ்.சி. பி.எட். நடத்துனாங்க, இப்பவும் சேர்க்கை இருக்கான்னு கேட்டுக்கோங்க, தனியார்தான், ஆனா குடும்ப வருமானத்தைப் பாத்து ஃபீஸ்ல இருந்து ஹாஸ்டல் வரைக்கும் உதவி பண்றாங்க, அதனால ஃபீஸைப் பாத்து பயந்து ஒதுக்கிடாதீங்க. புதுக் கல்விக் கொள்கை 2020 வந்ததுக்கு அப்புறம் இந்த நாலு வருஷ படிப்பு ஐ.டி.இ.பி.ங்கிற பேர்ல மாறிட்டு வருது, 2023ல இருந்து என்.சி.இ.டி.னு ஒரு நுழைவுத் தேர்வு. மூணு மணி நேரம், ரெண்டு மொழி, மூணு பாடம், பொதுத் தேர்வு, கற்பிக்கும் திறன்னு இருக்கும். 13 மொழியில நடக்குது, தமிழ்லயும் எழுதலாம்.

இங்க ஒரு விஷயம், இதை யாரும் சொல்ல மாட்டேங்கிறாங்க. தேர்வு தமிழ்ல எழுதலாம், ஆனா இந்த மாதிரி மத்திய நிறுவனங்கள்ல பாடம் இங்கிலீஷ்ல. நம்ம அரசு வேலையில தமிழ் வழியில படிச்சவங்களுக்கு 20 சதவீதம் இட ஒதுக்கீடு இருக்கு, 2010 சட்டம். 2020ல அதைத் திருத்தி ஒண்ணாங்கிளாஸ்ல இருந்தே தமிழ் வழியில படிச்சிருக்கணும்னு ஆக்கிட்டாங்க. பிளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம் படிச்ச பிள்ளை நாலு வருஷ கோர்ஸை இங்கிலீஷ்ல படிச்சா அந்த 20 சதவீதம் போச்சு. என் தங்கச்சிக்கு அப்படித்தான் போச்சு, சேரும்போது வீட்ல ஒருத்தருக்கும் இது தெரியாது. அதுக்காக சேராதீங்கன்னு சொல்லல, அவ திரும்ப சேரச் சொன்னா அங்கயேதான் சேருவா. தெரிஞ்சு சேருங்க. நீங்க கண்டிப்பா தமிழ்நாடு அரசுப் பள்ளிதான் வேணும், தமிழ் வழியில படிச்சிருக்கீங்கன்னா, அரசு கலைக் கல்லூரியில தமிழ் வழி பி.எஸ்.சி. கணிதம், அப்புறம் அரசு கல்வியியல் கல்லூரியில பி.எட்., இந்த ரூட்டை சாதாரணமா நினைக்காதீங்க. சைதாப்பேட்டை காலேஜ் 1856ல ஆரம்பிச்சது, புதுக்கோட்டை, வேலூர், குமாரபாளையம், ஒரத்தநாடு, கோவைலயும் அரசு கல்லூரி இருக்கு. தனியார்ல நான் கட்டுனதுல ஒரு சின்ன பங்குதான் அங்க ஃபீஸ், கவுன்சிலிங் அறிவிப்பை மட்டும் விட்டுடாதீங்க. நான் விட்டேன். ஒரு வாரம் லேட்டு, ரெண்டு வருஷ கடன்.

இன்னொண்ணு, டிகிரி பேரு. பி.எஸ்.சி. கணிதம்னே இருக்கட்டும். கணிதத்தோட கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ் சேர்ந்த மாதிரி பேரு இருந்தா, அது கணிதத்துக்கு இணைன்னு அரசாணை இருக்கான்னு சேர்றதுக்கு முன்னாடியே பாருங்க. டி.ஆர்.பி.யோட (ஆசிரியர் தேர்வு வாரியம்) சர்டிபிகேட் வெரிஃபிகேஷன்ல இதுக்காகவே வெளிய வந்தவங்களைப் பாத்திருக்கேன், மார்க் எல்லாம் இருந்தும். மேல்நிலை வகுப்புக்கு போகணும்னா எம்.எஸ்.சி.யும் அதே கணிதத்துல இருக்கணும், கிராஸ் மேஜர் ஒத்துக்க மாட்டாங்க.

டெட், அதாவது ஆசிரியர் தகுதித் தேர்வு பத்தி சுருக்கமா. ரெண்டாம் தாள் 150 மார்க், கணக்கு ஆளுங்களுக்கு அதுல 60 கணக்கும் அறிவியலும். இந்த ஒரு இடத்துல தங்கச்சிக்கு அவ படிச்ச இயற்பியல் வேதியியல் கை கொடுத்துச்சு, நான் ஆறாங்கிளாஸ் அறிவியல் புக்குல இருந்து திரும்ப ஆரம்பிச்சேன். பொதுப் பிரிவுக்கு 90 எடுத்தா பாஸ். பாஸ் பண்ணா வேலைன்னு நினைக்காதீங்க, 2018ல வந்த அரசாணை 149 படி அதுக்கு அப்புறம் தனியா ஒரு போட்டித் தேர்வு. 2025 செப்டம்பர் 1ல சுப்ரீம் கோர்ட் ஏற்கனவே வேலையில இருக்குற, அஞ்சு வருஷத்துக்கு மேல சர்வீஸ் பாக்கி இருக்குற டீச்சர்களுக்கே டெட் கட்டாயம்னு சொல்லிடுச்சு, அதனால இது இல்லாம தப்பிக்கலாம்ங்கிற பேச்சே வேணாம். ஒரு வருஷ பி.எட். திரும்ப வருதாமேன்னும் கேக்குறாங்க. 2025ல வந்த வரைவுல அது நாலு வருஷ டிகிரி இல்லன்னா பி.ஜி. முடிச்சவங்களுக்குத்தான், மூணு வருஷ பி.எஸ்.சி.க்காரங்களுக்கு இல்ல.

சரி, காசு. ஸ்காலர்ஷிப்ங்கிற சேவையை ரிவ்யூ பண்ணனும்னா, திட்டங்கள் நல்லா இருக்கு, கைக்கு வந்து சேர்ற வழிதான் மேடும் பள்ளமும். மத்திய அரசோட பி.எம். யு.எஸ்.பி., பிளஸ் டூவுல உங்க போர்டுல முதல் 20 சதவீதத்துக்குள்ள மார்க், குடும்ப வருமானம் வருஷத்துக்கு நாலரை லட்சத்துக்குள்ள, டிகிரிக்கு முதல் மூணு வருஷம் வருஷத்துக்கு 12,000, பி.ஜி.க்கு 20,000. மொத்தம் 82,000 பேருக்கு, அதுல பாதி பொண்ணுங்களுக்கு. இதுக்கு மார்க் இருந்தும் அப்ளை பண்ணாத பிள்ளைங்க எங்க ஸ்கூல்லயே எத்தனையோ பேரு. இன்ஸ்பயர்னு மத்திய அரசோட இன்னொரு ஸ்காலர்ஷிப், பெரிய தொகை, வருஷத்துக்கு 80,000, அதுல 60,000 கையில, 20,000 கோடைக்கால ஆராய்ச்சிக்கு. போர்டுல முதல் 1 சதவீதம் வரணும். ஆனா அது அடிப்படை அறிவியல் படிப்புக்கு, கணிதம் அதுல உண்டு, டிகிரி பேருல பி.எஸ்.சி. இருக்குங்கிறதுக்காக பி.எட். சேர்ந்த கோர்ஸுக்கும் வரும்னு நீங்களா முடிவு பண்ணி அந்தக் காசை நம்பி ஹாஸ்டல் சேராதீங்க, அந்த வருஷ விதிமுறையில கோர்ஸ் பட்டியலைப் படிச்சுட்டு முடிவெடுங்க. அரசுப் பள்ளியில ஆறுல இருந்து பன்னெண்டு வரைக்கும் படிச்ச பொண்ணுங்களுக்கு 2022ல இருந்து புதுமைப் பெண், பசங்களுக்கு 2024ல இருந்து தமிழ்ப் புதல்வன், மாசம் 1,000. வேற ஸ்காலர்ஷிப் வாங்கினாலும் இதையும் வாங்கலாம். 1,000 சின்னத் தொகைன்னு சொல்றவங்க பஸ் பாஸுக்கும் ஜெராக்ஸுக்கும் வீட்ல கை நீட்டாத ஒரு பொண்ணோட முகத்தைப் பாத்திருக்க மாட்டாங்க. எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைங்களுக்கு போஸ்ட் மெட்ரிக், வருமான வரம்பு ரெண்டரை லட்சம்.

இதுல எனக்கு போனது எப்படின்னு சொல்றேன். பி.எஸ்.சி. முதல் வருஷம் ஸ்காலர்ஷிப் வந்துச்சு, ரெண்டாவது வருஷம் தேசிய ஸ்காலர்ஷிப் போர்ட்டல்ல ரினியூவல் போட்டேன். காலேஜ் லாகின்ல ஒருத்தர் வெரிஃபை பண்ணனும். அந்த கிளார்க் லீவு, அடுத்தவருக்கு பாஸ்வேர்டு தெரியாது, கடைசித் தேதி போயிடுச்சு. மார்க் இருந்தது, அட்டெண்டன்ஸ் இருந்தது, ஒரு கிளிக் இல்ல. அப்பா அந்த வருஷம் பரீட்சை ஃபீஸுக்கு அலைஞ்சது எனக்குத் தெரியும். அதனால ஃபார்ம் சப்மிட் பண்ணதோட வேலை முடிஞ்சதுன்னு நினைக்காதீங்க, வாரம் ஒரு தடவை ஸ்டேட்டஸ் பாருங்க, காலேஜ் லெவல்ல பெண்டிங்னு இருந்தா ஆபீஸ்ல போய் நில்லுங்க, கூச்சமே வேணாம்.

தங்கச்சிக்கு வேற கதை. அப்ரூவ்டுன்னு வந்துடுச்சு, காசு வரல. மூணு மாசம் கழிச்சுத்தான் கண்டுபிடிச்சோம், அவ ஹாஸ்டல் பக்கத்துல புதுசா ஒரு பேங்க்ல அக்கவுண்ட் திறந்தப்ப ஆதாரை அங்க இணைச்சிருக்காங்க, கடைசியா எந்த பேங்க்ல ஆதார் இணைச்சீங்களோ காசு அங்கதான் போகும், ஃபார்ம்ல நீங்க எழுதுன அக்கவுண்ட்டுக்கு இல்ல. அந்தப் புது அக்கவுண்ட்ல காசு பத்திரமா இருந்தது. அம்மா அன்னைக்கு சாமி ரூம்ல விளக்கேத்துனாங்க.

ரினியூவலுக்கு மார்க்கும் வேணும், 50 சதவீதத்துக்குக் கீழ போகக் கூடாது, 75 சதவீதம் அட்டெண்டன்ஸ். கணக்குல நூறு வாங்கிட்டு மத்த பாடத்தை விட்டுடறதுன்னு ஒரு பழக்கம் கணக்குப் பிரியர்களுக்கு உண்டு. ராமானுஜனுக்கே கும்பகோணம் காலேஜ்ல ஸ்காலர்ஷிப் போனது அப்படித்தான், கணக்குல மூழ்கி மத்த பாடத்துல தவறினதால. அந்த இழப்பு அவரை எவ்வளவு அலைய வச்சுதுன்னு எல்லாருக்கும் தெரியும். பி.எட்.ல உளவியல் பேப்பர் போரடிக்குதுன்னு விட்டுடாதீங்க.

மார்க் போடணும்னா, நான் படிச்ச அஞ்சு வருஷத்துல பி.எஸ்.சி.க்கு அஞ்சுக்கு நாலு, பி.எட்.டுக்கு ஒண்ணரை. தங்கச்சி கோர்ஸுக்கு நாலு. அவ எனக்கு ஒரு வருஷம் முன்னாடியே சம்பளம் வாங்க ஆரம்பிச்ச மாதிரி கணக்கு, அது வீட்டுக்கு எவ்வளவு பெருசுன்னு கடன் கட்டுனவங்களுக்குத் தெரியும். ஆனா பதினேழு வயசுல டீச்சர்தான்னு முடிவு பண்ணிட்டுப் போறது எல்லாருக்கும் சரிப்படாது, பாதியில மனசு மாறினா மூணு வருஷ பி.எஸ்.சி.க்காரங்களுக்கு இருக்குற வழி அவங்களுக்கு இல்ல. சந்தேகம் இருந்தா பி.எஸ்.சி. சேருங்க, தெருவுல நாலு பிள்ளைங்களுக்கு ஒரு வருஷம் டியூஷன் எடுத்துப் பாருங்க, அப்புறம் பி.எட். பத்தி யோசிங்க. பி.எட். காலேஜ் பாக்கப் போனா ஆபீஸ்ல ஃபீஸ் கேக்குறதுக்கு முன்னாடி ரெண்டாவது வருஷப் பிள்ளைங்க யாரையாவது பிடிச்சு ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "டீச்சிங் பிராக்டிஸ்ல உங்க கிளாஸ்ல வந்து உக்காந்து பாத்தது யாரு, எத்தன தடவை?" பதில் சொல்ல அவங்க யோசிச்சாங்கன்னா வேற காலேஜ் பாருங்க.

நேத்து வந்த பொண்ணு அரசுப் பள்ளி, தமிழ் மீடியம், கணக்குல 97. என்.சி.இ.டி.க்கு இந்த வருஷம் தேதி முடிஞ்சு போச்சு, அதனால பக்கத்து அரசுக் கல்லூரியில தமிழ் வழி பி.எஸ்.சி. கணிதத்துக்கு நேத்தே அப்ளை பண்ண வச்சிட்டேன். வருமானச் சான்றிதழுக்கு இன்னிக்கு இ-சேவையில பதிஞ்சாச்சு, நாளைக்கு அவளைக் கூட்டிட்டு பேங்குக்குப் போறேன், ஆதார் எந்த அக்கவுண்ட்ல இணைஞ்சிருக்குன்னு பாக்க.